அர்சுலாவுக்கு ஒரு தங்கை

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு 1994-இல் ஒரு விசித்திரமான சிக்கல் வந்தது. வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு அதில் ‘மேட் அபவுட் யூ’ ஓடிக்கொண்டிருந்தது. மன்ஹாட்டனில் குடித்தனம் நடத்தும் இளம் தம்பதியைப் பற்றிய காதல் நகைச்சுவைத் தொடர் அது, 1992-இல் தொடங்கியது. அந்தத் தம்பதி வழக்கமாகச் சாப்பிடப் போகும் ‘ரிஃப்ஸ்’ என்ற உணவகத்தில் அர்சுலா என்றொரு பணிப்பெண் உண்டு. கேட்டதைக் கொண்டுவர மாட்டாள். என்ன கேட்டார்கள் என்பதே அவளுக்கு நினைவிருக்காது. அதே சேனலில், அதே வியாழக்கிழமை, எட்டரை மணிக்கு ஒரு புதிய தொடர் தொடங்கவிருந்தது. அதுவும் மன்ஹாட்டன் கதைதான். ஆறு இளைஞர்கள், ஒரு காபிக் கடை, ஓயாத பேச்சு. தொடரின் பெயர் ‘ஃப்ரெண்ட்ஸ்’. அந்த ஆறு பேரில் ஒருத்தியாக நடிக்கத் தேர்வானவர் லிசா குட்ரோ. அர்சுலாவாக நடித்துக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

அரை மணி இடைவெளியில், ஒரே ஊரில், ஒரே முகம் வேறு பெயருடன் வந்து நின்றால் பார்ப்பவர்கள் குழம்ப மாட்டார்களா? அர்சுலாவை ஓசையில்லாமல் ஊரைவிட்டு அனுப்பியிருக்கலாம். கண்டுகொள்ளாமலும் விட்டிருக்கலாம், தொலைக்காட்சியில் அதற்கும் முன்னுதாரணம் ஏராளம். ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை உருவாக்கிய டேவிட் கிரேனும் மார்த்தா காஃப்மனும் வேறொரு வழியைப் பிடித்தார்கள். ‘மேட் அபவுட் யூ’வை பால் ரெய்சருடன் சேர்ந்து உருவாக்கிய டேனி ஜேக்கப்சனிடம் சம்மதம் வாங்கி, தங்கள் பாத்திரமான பீபி புஃபேயை அர்சுலாவின் இரட்டைச் சகோதரி ஆக்கிவிட்டார்கள்.

‘ஃப்ரெண்ட்ஸ்’ உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தபின், அர்சுலாவை பீபியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணைப்பாத்திரமாகவே பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். அர்சுலா முன்பே இருந்தாள். பீபிதான் பிறகு வந்தாள். கதைக்குள்ளும் அதே வரிசைதான், முதலில் பிறந்தவள் அர்சுலா. நிகழ்ச்சி அட்டவணையில் விழுந்த ஓட்டையை அடைக்கப் போட்ட இந்த உறவு, அடுத்த ஏழு ஆண்டுகளில் காதல் நகைச்சுவை என்ற வகையின் அடிமடியிலேயே கைவைக்கும் ஒரு கேள்வியாக வளர்ந்தது. முகம் ஒன்றாகவே இருக்கும்போது, ஒருவர் காதலிப்பது எதை? ‘ஃப்ரெண்ட்ஸ்’ எழுத்தாளர்கள் திட்டமிட்டு இந்தக் கேள்வியைத் தொடவில்லை என்றே தோன்றுகிறது. தட்டுத்தடுமாறி, விருந்தினர் நடிகர்கள் கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதை நோக்கிப் போயிருக்கிறார்கள்.

குட்ரோ அந்த இடத்துக்கு வந்த பாதை நேரானதல்ல. அவருடைய தந்தை தலைவலி நோய்களில் பெயர் பெற்ற மருத்துவர். மகள் வாசர் கல்லூரியில் உயிரியல் படித்து, 1985-இல் பட்டம் பெற்று, தந்தையின் ஆய்வுப் பணியிலேயே சேர்ந்தார். இடக்கை, வலக்கைப் பழக்கத்துக்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் கட்டுரை ஒன்று 1994-இல் மருத்துவ இதழில் வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களில் அவர் பெயரும் இருந்தது. அதே 1994-தான் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடங்கிய ஆண்டு. இதற்கிடையில் அண்ணனின் நண்பரும் நகைச்சுவை நடிகருமான ஜான் லோவிட்ஸின் உந்துதலால் நடிப்புப் பக்கம் திரும்பி, லாஸ் ஏஞ்சலஸில் ‘தி கிரவுண்ட்லிங்ஸ்’ குழுவில் பயிற்சி பெற்றிருந்தார். முன்கூட்டி எழுதாமல், மேடையில் அந்தக் கணத்திலேயே காட்சியை உருவாக்கும் கலையில் பேர்போன குழு அது.

1993-இல் ‘ஃப்ரேசியர்’ தொடரில் ராஸ் டாயில் என்ற முக்கிய வேடம் கிடைத்தது. முதல் எபிசோடின் ஒத்திகைகளிலேயே அவரை நீக்கிவிட்டு பெரி கில்பினைப் போட்டார்கள். அதை இயக்கிக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் பரோஸ். அப்படிக் கையில் எதுவும் இல்லாமல் இருந்தபோது வந்ததுதான் ரிஃப்ஸ் உணவகத்தின் பணிப்பெண் வேடம். பாத்திரத்துக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. சில வரி வசனம் மட்டுமே. வேண்டாம் என்று முகவர் தடுத்தும், தொடர் நன்றாக இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டதாக குட்ரோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான ஜெஃப்ரி கிளாரிக், டேவிட் கிரேனின் வாழ்க்கைத் துணை. பீபி வேடத்துக்கு குட்ரோ பெயர் அந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. தேர்வுக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருந்தவர் அதே ஜேம்ஸ் பரோஸ்; ‘ஃப்ரெண்ட்ஸ்’ முதல் எபிசோடை இயக்கப்போகிறவரும் அவர்தான். இந்த முறை அவர் ஒரு திருத்தமும் சொல்லவில்லையாம்.

ஆக, பீபி பிறக்கக் காரணமே அர்சுலா. அர்சுலாவை நன்றாகச் செய்ததால்தான் குட்ரோவுக்கு பீபி கிடைத்தாள்.

இரட்டையர் தீர்வு எடுபட்டதற்கு அந்தச் சேனலின் வியாபார புத்தியும் ஒரு காரணம். என்.பி.சி.யின் வியாழக்கிழமை இரவு அப்போது அமெரிக்க விளம்பரதாரர்கள் பணத்தைக் கொட்டிய நேரம். எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் பதினொரு மணிவரை எழுந்திருக்கக் கூடாது. அதற்காகத் தொடர்களை ஒன்றோடொன்று கோத்துவிடும் வித்தைகளைச் செய்தார்கள். 1994 நவம்பர் 3 அன்று ‘மேட் அபவுட் யூ’வில் தம்பதி வீட்டில் திருட்டுக் கேபிள் இழுக்கப் போய் நியூயார்க் முழுவதும் மின்சாரம் போகிறது. அடுத்து வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ எபிசோடிலும் ஊர் இருட்டில் கிடக்கிறது. ஆறு நண்பர்களில் ஒருவனான சாண்ட்லர் ஒரு விளம்பர அழகியோடு ஏடிஎம் அறைக்குள் மாட்டிக்கொள்கிறான். அன்றிரவே ஒளிபரப்பான ‘சைன்ஃபெல்ட்’ மட்டும் இந்த விளையாட்டில் சேரவில்லை. அங்கே விளக்குகள் எரிந்தன. இப்படி மின்தடையே தொடர்விட்டுத் தொடர் பாயும் ஊரில், அக்கா ஒரு தொடரிலும் தங்கை இன்னொரு தொடரிலும் இருப்பதில் என்ன அதிசயம்?

1995 பிப்ரவரி 23 அன்று ஒளிபரப்பான இரண்டு பாக எபிசோடில்தான் அக்காவும் தங்கையும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ திரையில் சந்திக்கிறார்கள். அந்த ஆறு பேரில் இன்னொருவனான ஜோயியும் சாண்ட்லரும் ரிஃப்ஸுக்குச் சாப்பிடப் போகிறார்கள். இன்னொரு பக்கம், ‘மேட் அபவுட் யூ’ நாயகி ஜேமியாகவே ஹெலன் ஹன்ட், தோழி ஃப்ரானுடன் சென்ட்ரல் பெர்க் காபிக் கடைக்குள் நுழைந்து, பீபியை அர்சுலா என்று நினைத்து காபி கொண்டுவரச் சொல்கிறார். பீபி விழிக்கிறாள். இரண்டு தொடர்களையும் பார்க்கிறவர்களுக்கு அது இரட்டைச் சிரிப்பு; ஒன்றை மட்டும் பார்ப்பவர்களுக்கு, யாரோ இரண்டு பெண்கள் ஆள் தெரியாமல் பேசிவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இரட்டை வேடம் புதிதல்ல. 1963 முதல் 1966 வரை ஓடிய ‘தி பேட்டி டியூக் ஷோ’வில் ஒரே நடிகை, அச்சில் வார்த்ததுபோன்ற இரண்டு ஒன்றுவிட்ட சகோதரிகளாக வந்தார். ‘பிவிட்ச்ட்’ தொடரில் எலிசபெத் மாண்ட்கோமரி நல்ல மந்திரக்காரி சமந்தாவாகவும், அவளுடைய அடங்காப்பிடாரி உறவுக்காரி செரினாவாகவும் நடித்தார். செரினாவை நடித்தவர் பெயரை ‘பண்டோரா ஸ்பாக்ஸ்’ என்று பொய்யாகப் போட்டுக் குறும்பு செய்தார்கள். ‘ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி’யில் ஜீனிக்கும் ஒரு பொல்லாத சகோதரி. இந்த இரண்டு தொடர்களிலும் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. நல்லவளுக்குப் பொன்னிறக் கூந்தல், பொல்லாதவளுக்குக் கறுப்பு விக். கன்னத்து மச்சத்தையும் தலைவகிடையும் வைத்து அண்ணன், தம்பியைப் பிரித்துக்காட்டிய நம் பழைய படங்களின் உத்திக்கு இது வெகு அருகில்தான் இருக்கிறது. தொழில்நுட்பமும் கடல் தாண்டி ஒன்றுதான். ஹேலி மில்ஸ் இரட்டையராக நடித்த 1961-ஆம் ஆண்டின் டிஸ்னி படம் ‘தி பேரன்ட் டிராப்’, நான்கே ஆண்டுகளில் ஏவி.எம்.மின் ‘குழந்தையும் தெய்வமும்’ ஆனது. அதில் குட்டி பத்மினி இரட்டையர்.

பீபிக்கும் அர்சுலாவுக்கும் அந்த விக் வசதி இல்லை. இருவருக்கும் அதே பொன்னிற நீள்கூந்தல். உடையில் வித்தியாசம் உண்டு, பீபி கலகலப்பான பூப்போட்ட ஆடைகளிலும் மணி மாலைகளிலும் வருவாள். ஆனால் பிரித்துக்காட்டும் வேலையை உடை செய்வதில்லை. நடிப்பு மட்டுமே செய்கிறது. அதிலும் குட்ரோ எடுத்துக்கொண்ட வழி அபூர்வமானது. ஒருத்தி நல்லவள், மற்றவள் கெட்டவள் என்று இரண்டு எதிர்முனைகளை அவர் கட்டவில்லை. இருவருமே கிறுக்கிகள். இருவருமே மற்றவர்கள் நினைக்காததைப் பேசுகிறவர்கள். ஒரே வித்தியாசம், பீபி கேட்கிறாள், அர்சுலா கேட்பதில்லை.

கிரவுண்ட்லிங்ஸ் போன்ற குழுக்களில் கற்றுத்தரும் முதல் பாடம், எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் அதை ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது. ‘நீங்கள் டாக்டர்தானே’ என்று ஒருவர் தொடங்கினால், ‘இல்லை’ என்று சொன்ன கணத்தில் காட்சி செத்துவிடும். பீபியின் நகைச்சுவை முழுவதும் இந்தப் பாடத்தின் மேல் நிற்கிறது. யார் எதைச் சொன்னாலும் அவள் முகம் முதலில் அதை உள்வாங்கும், தலை லேசாகச் சாயும், குரல் ஏறும், பிறகு யாரும் எதிர்பாராத ஒரு பதில் வரும். அந்தப் பதில் எவ்வளவு கோணலாக இருந்தாலும், கேட்டதற்குத்தான் அவள் பதில் சொல்கிறாள். அர்சுலா அதே பாடத்தைக் காலில் போட்டு மிதிக்கிறாள். அவளிடம் எறியப்படும் ஒவ்வொரு வாக்கியமும் கீழே விழுகிறது. குரல் ஒரே மட்டத்தில் நிற்கும். கண் எதிராளியின் முகத்தில் பதியாமல் வழுக்கிக்கொண்டு போகும். கோபம், பொறாமை, வஞ்சம் எதுவும் அதில் இல்லை. அக்கறை இல்லை, அவ்வளவே. ஒரே பயிற்சியைப் பெற்ற நடிகை, அதை முழுதாகக் கடைப்பிடித்து ஒரு பாத்திரத்தையும் முழுதாக மீறி இன்னொரு பாத்திரத்தையும் செய்திருக்கிறார். 1998-இல் பீபிக்காக அவர் எம்மி விருது வாங்கினார். அந்த ஆறு பேரில் முதலில் வாங்கியவர் அவர்தான். அந்த பீபியின் அருமை, பக்கத்தில் அர்சுலா நிற்கும் காட்சிகளில்தான் முழுதாகத் தெரிகிறது என்பேன்.

படமாக்கியதில் ஒரு விசேஷம் உண்டு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ கலிஃபோர்னியாவில் பர்பேங்க் நகரத்து வார்னர் ஸ்டுடியோவில், சுமார் 300 பார்வையாளர்களுக்கு முன்னால், பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, நாடகம்போல எடுக்கப்பட்ட தொடர். அந்த முறைக்கு இரட்டை வேடம் பரம விரோதி. ஒரே நடிகையை ஒரே சட்டகத்தில் இரண்டு பேராகக் காட்டும் மாஸ்க் ஷாட் எடுக்க வேண்டுமானால் கேமரா ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும். ஒரு பாதியை எடுத்து, நடிகை உடை மாற்றி வந்து, மறுபாதியை எடுக்க வேண்டும். ஒளி இம்மியும் மாறக் கூடாது. இரண்டாவது முறை பேசும்போது முதல் முறை விட்ட இடைவெளிக்குள் வசனம் சரியாகப் பொருந்த வேண்டும். கூடத்தில் இருப்பவர்களின் சிரிப்பு எவ்வளவு நேரம் நீளும் என்பதை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்? ஆகவே பெரும்பாலான இடங்களில் எளிய வழிதான்: ஒருத்தியின் முகம், மற்றவளின் முதுகு. அந்த முதுகுக்கு டூப்பாக நின்றவர் குட்ரோவின் சொந்த அக்கா. தங்கையை ஏறெடுத்தும் பார்க்காத ஓர் அக்காவின் கதையைப் படமாக்க, உண்மையான அக்கா வந்து நின்று உதவியிருக்கிறார்.

இந்தக் கட்டுப்பாடு நடிப்புக்கு நன்மையாகவே முடிந்தது. இருவரையும் ஒரே சட்டகத்தில் அடைத்து ‘பார், எப்படிச் செய்தோம்’ என்று காட்டும் ஆசைக்கு வழியில்லை. வசனமும் மறுமொழியும் மாறி மாறி வெட்டப்படும்போது பார்ப்பவர் ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதை விட்டுவிட்டு இரண்டு முகங்களைக் கவனிக்கிறார். பின்னாளில் ‘ஆர்ஃபன் பிளாக்’ தொடரில் தாட்டியானா மஸ்லானி பல நகல்களாக நடித்தபோது, கணினி சொன்னபடி ஒரே பாதையில் அச்சுப்பிசகாமல் மீண்டும் மீண்டும் நகரும் கேமரா வந்துவிட்டது. நகல்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அரட்டை அடித்தார்கள், ஆடினார்கள். அது வேறு வகையான வியப்பு. அர்சுலா காட்சிகளில் தொழில்நுட்பத்தை யாரும் வியப்பதில்லை.

இனி, இந்த ஒரே முகத்தின் முன்னால் வந்து நின்ற மூன்று ஆண்கள்.

முதலாமவன் ஜோயி. ரிஃப்ஸில் அர்சுலாவைப் பார்த்து மயங்குகிறான். பீபிக்கு உள்ளூர நடுக்கம். சிறுவயதிலிருந்து அவளுடைய பொருள்களை, பெருமைகளை, ஆட்களைப் பறித்தவள் அர்சுலா. பீபி ஆசையாக வைத்திருந்த பிளாஸ்க்கைப் பேருந்துக்கு அடியில் எறிந்தவள். இப்போது நண்பனையும் எடுத்துக்கொள்வாளோ? இருவருக்கும் ஒரே நாளில்தானே பிறந்தநாள். ஜோயி அந்த நாளை அர்சுலாவோடு கழிக்கப் போகிறான். பிறகு அர்சுலாவுக்கு அலுத்துவிடுகிறது. அதை ஜோயியிடம் சொல்லக்கூட அவள் மெனக்கெடவில்லை; தானாகப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள். அப்போது பீபி செய்வதுதான் இந்தக் கதையின் உச்சம். அர்சுலாவைப்போல உடுத்திக்கொண்டு ஜோயியிடம் போய், அர்சுலா சொல்லாத நல்ல வார்த்தைகளைச் சொல்லி, காயம் படாமல் பிரிவைச் சொல்கிறாள். கடைசி முத்தம் ஒன்று. முத்தமிட்ட கணத்தில் ஜோயிக்குத் தெரிந்துவிடுகிறது, இது பீபி.

குட்ரோ அந்த இடத்தில் செய்வது மூன்றாவது வேடம். அர்சுலாவாக நடிக்கும் பீபி. அர்சுலாவின் உடையில் நிற்கிறாள், ஆனால் கேட்கிறாள். ஜோயியின் முகம் வாடுவதைப் பார்த்து அவள் முகமும் வாடுகிறது. வேஷம் கலைவது அங்கேதான், முத்தம் அதற்கு முத்திரை மட்டும். புத்திசாலி என்று தொடரில் ஒருவரும் சொல்லாத ஜோயிதான் ஆளைச் சரியாக அடையாளம் கண்டவன் என்பது எழுத்தாளர்களின் குறும்பு.

இரண்டாமவன் மால்கம், 1996 அக்டோபர் 3-இல் ஒளிபரப்பான எபிசோடில் டேவிட் ஆர்க்கெட் நடித்தது. அர்சுலாவைப் பின்தொடர்ந்து திரிகிறவன். ஆள் மாறி பீபியின் பின்னால் வருகிறான். அவனை நிறுத்திக் கேட்கப்போன பீபிக்கு அவன்மேல் பரிவு வந்து, பரிவு காதலாகிறது. அவனும் மாறிவிட்டதாகச் சொல்கிறான். பிறகுதான் தெரிகிறது, பீபியோடு பழகிக்கொண்டே அவன் இன்னமும் அர்சுலாவின் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறான். பெண்ணைப் பின்தொடர்வதை இவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டது இன்று உறுத்துகிறது. ஆனால் கதையின் கணக்கு துல்லியமானது. தன்னைக் கேட்கிறவள் எதிரே இருக்கும்போதும், தன்னைத் திரும்பியே பார்க்காதவள்மேல்தான் அவன் மனம் ஓடுகிறது.

மூன்றாமவன் எரிக். 2001 நவம்பரில் அடுத்தடுத்து இரண்டு வாரம் வந்த எபிசோடுகள். நடித்தவர் ஷான் பென். எரிக் பள்ளி ஆசிரியன். அர்சுலா தன்னைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் பொய் சொல்லி, அடுத்த வாரம் கல்யாணம் என்னும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பீபி உண்மையைச் சொல்கிறாள். எரிக் அர்சுலாவை விட்டுவிட்டு பீபியிடம் வருகிறான். தான் விரும்பிய குணங்களெல்லாம் இவளிடம் நிஜமாகவே இருக்கின்றனவே! இங்கே ஒரு வழக்கமான காதல் நகைச்சுவை சுபம் போட்டிருக்கும். ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் ஒலிவியா, தான் காதலித்தவரின் இரட்டையரை ஆள் தெரியாமல் மணந்துகொள்கிறாள், ஒருவரும் வருத்தப்படுவதில்லை. ‘ஃப்ரெண்ட்ஸ்’ அப்படி விடவில்லை. எரிக்குக்கு பீபியின் முகத்தைப் பார்த்தாலே அர்சுலாவின் துரோகம் நினைவுக்கு வருகிறது. கண்ணிலிருந்து கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, மங்கலாகத் தெரியும் பீபியோடு பேசிப் பார்க்கிறான். கடைசியில், பகலில் பீபியோடு இருந்ததாக அவன் மகிழ்ந்து சொல்லும்போது விஷயம் உடைகிறது. அங்கே இருந்தவள் பீபி அல்ல. இவ்வளவுக்குப் பிறகும் அவனால் ஆளைப் பிரித்தறிய முடியவில்லை.

காதலிப்பது முகத்தையா என்ற கேள்விக்கு மூன்று பேரும் மூன்று விதமாகத் தோற்கிறார்கள். ஜோயி மட்டும் கொஞ்சம் தேறுகிறான். அவனுக்கும் அது நட்பில் பழகிய பழக்கத்தால் வந்த அறிவு, காதலால் வந்ததல்ல. பிளாட்டஸ் காலத்து ரோமானிய மேடையிலிருந்து இரட்டையர் நாடகங்கள் ஆள்மாறாட்டத்தை அவிழ்த்து, சேர்ந்தவர்களைச் சேர்த்து முடிப்பதையே வழக்கமாக வைத்திருக்கின்றன. அர்சுலா கதைகளில் முடிச்சு அவிழ்ந்தபின் ஒருவரும் யாரோடும் சேர்வதில்லை.

சகோதரிகளும் சேர்வதில்லை, இதுதான் எனக்கு இன்னும் துணிச்சலாகப் படுகிறது. 2000 பிப்ரவரியில் வந்த எபிசோடில் பீபியின் பெயரைப் போட்டுக்கொண்டு அர்சுலா வயதுவந்தோருக்கான படங்களில் நடிப்பது தெரியவருகிறது. பீபி அழுது புலம்பவில்லை. பெயர் என்னுடையதுதானே என்று படக் கம்பெனிக்குப் போய், அர்சுலாவுக்கு வரவேண்டிய காசோலைகளைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். மறுவருடம், முப்பது வயது நிறைவதற்குள் செய்ய வேண்டியவை என்று பீபி ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். துள்ளும் பந்தின்மேல் உட்கார்ந்தே ஒரு மைல் போவதும் அதில் உண்டு. பிறந்தநாளில் அக்காவைப் பார்க்கப் போன இடத்தில் தெரிகிறது, வயது முப்பது அல்ல, முப்பத்தொன்று. பீபியின் பிறப்புச் சான்றிதழை அர்சுலா எப்போதோ வீட்டைவிட்டு ஓடிவந்த ஸ்வீடன் பெண் ஒருத்திக்கு விற்றுவிட்டாள். வாழ்க்கையில் ஒரு வருடமே காணாமல் போனது. சிரிப்பு வருகிறது, ஆனால் இருவருடைய இளமையும் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் அடியில் வேறொன்று தட்டுப்படும். வளர்த்த தாய் தற்கொலை செய்துகொண்டாள், மாற்றாந்தகப்பன் சிறைக்குப் போனான், பீபி பதின்வயதில் தெருவில் கிடந்து வளர்ந்தாள். அர்சுலாவும் அதே வீட்டுப் பிள்ளை. நல்ல வளர்ப்பு ஒருத்திக்கும் கெட்ட வளர்ப்பு மற்றவளுக்கும் என்று பிரித்துக் காரணம் காட்டும் வசதியைத் தொடர் எடுத்துக்கொள்ளவே இல்லை. பீபியின் கருணை வளர்ப்பினால் வந்ததென்றால், அர்சுலாவுக்கு அது ஏன் வரவில்லை?

நடிகையின் நிஜ வாழ்க்கை கதைக்குள் புகுந்தது அர்சுலா விஷயத்தில் மட்டுமல்ல. 1997-இல் குட்ரோ கருவுற்றபோது, வயிற்றை மறைக்க சோபாத் தலையணைகளைத் தேடாமல், பீபி தன் தம்பி முறையான ஃப்ராங்குக்காக வாடகைத் தாயாகி மூன்று குழந்தைகளைச் சுமப்பதாக எழுதினார்கள். 1998 அக்டோபரில் ஒளிபரப்பான நூறாவது எபிசோடில் பிரசவம். பெற்ற மூன்று குழந்தைகளையும் கொடுத்துவிட்டுத் தனியே படுத்திருக்கும் பீபியை இந்தத் தொடரின் மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்றாகச் சொல்பவர்கள் உண்டு. அட்டவணைச் சிக்கல் அர்சுலாவைத் தந்தது. கர்ப்பம் அந்தப் பிரசவத்தைத் தந்தது. இடைஞ்சலைக் கதையாக்கும் இந்தச் சாமர்த்தியம் அந்த எழுத்தாளர் அறையின் அசல் பலம்.

2001-க்குப் பிறகு ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரில் அர்சுலா தலைகாட்டவில்லை. ‘மேட் அபவுட் யூ’ 1999 மே மாதமே முடிந்திருந்தது. அவளைப் பெற்ற தொடர் போனபின் அவள் அனாதைதான். 2004 பிப்ரவரி 12-இல் ஒளிபரப்பான எபிசோடில் பீபிக்குக் கல்யாணம். பனி கொட்டி ஊரே உறைந்து கிடக்கிறது, சென்ட்ரல் பெர்க் வாசலில் தெருவிலேயே நடக்கிறது. வரமுடியாத மாற்றாந்தகப்பனுக்குப் பதிலாக சாண்ட்லர் கைப்பிடித்து அழைத்து வருகிறான். வரமுடியாத பாதிரியாருக்குப் பதிலாக ஜோயி நடத்திவைக்கிறான். மாப்பிள்ளைத் தோழனாக ஒரு நாய். அக்காவை மட்டும் காணோம். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை மைக்காக நடித்தவர் பால் ரட். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019 அக்டோபரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘லிவிங் வித் யுவர்செல்ஃப்’ என்ற எட்டு எபிசோட் நகைச்சுவைத் தொடரில், தனக்குத் தானே எதிராளியாக நிற்கும் முறை அவருக்கு வந்தது. உருவாக்கியவர் டிமத்தி கிரீன்பெர்க். மைல்ஸ் என்ற விளம்பர நிறுவன ஊழியர் வாழ்க்கை அலுத்துப்போய், 50,000 டாலர் கட்டி ஒரு மசாஜ் நிலையத்தில் புத்துணர்வுச் சிகிச்சைக்குப் போகிறார். அங்கே நடப்பது சிகிச்சையல்ல. அவரைப்போலவே, அவரைவிட மேலான ஒரு நகலைச் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு அசலைப் புதைத்துவிடுவதுதான் அவர்கள் தொழில். புதைத்த அசல் செத்திருக்கவில்லை. மண்ணைக் கிளறிக்கொண்டு எழுந்து வீட்டுக்கு வந்தால், வீட்டில் இன்னொரு மைல்ஸ்.

ஒரு வயிற்றில் பிறந்த இரட்டையர் அல்லர் இவர்கள். ஆனால் காதல் நகைச்சுவைக்குள் அவர்கள் செய்யும் வேலை இரட்டைச் சகோதரர்களுடையதுதான்: ஒருவன் கசங்கிய சட்டை, சரிந்த தோள், பாதியில் நிற்கும் வாக்கியம், மற்றவன் சீவிய தலை, நிமிர்ந்த முதுகு, எதைச் சொன்னாலும் உற்சாகம். ரட்டும் குட்ரோ பிடித்த அதே நூலைத்தான் பிடிக்கிறார். மனைவி கேட் பேசும்போது அசல் மைல்ஸின் கண் வேறெங்கோ இருக்கிறது. நகல் அவளைக் கேட்கிறான். ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடர் அர்சுலாவை ஓரிரு வாரத்துக்கு வரவழைத்து அனுப்பிவிடும். இங்கே இருவரும் ஒரே பெண்ணின் வாழ்க்கைக்குள் நிரந்தரமாக மாட்டிக்கொள்கிறார்கள். சில சம்பவங்களை முதலில் ஒருவன் பக்கத்திலிருந்தும் அடுத்த எபிசோடில் மற்றவன் பக்கத்திலிருந்தும் காட்டுவதால், யார் பக்கம் நிற்பது என்று பார்ப்பவருக்கும் தடுமாற்றம். இதற்காக ரட்டின் பெயர் கோல்டன் குளோப் விருதுக்கு முன்மொழியப்பட்டது.

அர்சுலா கதைகள் போகாத தூரத்துக்கு இது ஓர் இடத்தில் போகிறது. எரிக்குக்குக் குணமும் முகமும் பிரிந்து கிடந்ததுதான் பிரச்சினை. கேட்டுக்கு அந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, சேர்ந்து வாழ்ந்த காலம். நகலிடம் அவளுடைய கல்யாண நாளின் நினைவு அத்தனையும் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு அவன் போனதே இல்லை. அவனைவிட மோசமான கணவனாக ஆகிப்போன அசல்தான் அன்று அங்கே நின்றவன். நல்ல குணம், அதே முகம், அதே நினைவுகள். இவ்வளவும் இருந்தும் அவன் அவளுக்குக் கணவனா என்பதைத் தொடர் எட்டு எபிசோடுகளிலும் தீர்த்துவைக்கவில்லை. முடிவில் கேட் கருவுற்றிருப்பதாக இருவரிடமும் சொல்கிறாள். தகப்பன் எவன் என்று சொல்லாமலே திரை இருள்கிறது. இரண்டாவது சீசன் வரவில்லை.